ஈரப்பதம்

மைதாப் பசை காயுமுன் வாசித்துவிட்டேன்.
தையல்நாயகி, க/பெ. லேட் சிங்காரவேலு,
வடக்கே பாசன வாய்க்கால், தெற்கே கலியபெருமாள் மனை,
இதற்குள் அடங்கிய வீடும் கிணறும்
இன்று முதல் கம்பெனியின் சுவாதீனம்.

வாய்க்கால் தூர்ந்து கருவை முளைத்துக் கிடக்கிறது.
கலியபெருமாள் மனையை விற்றுத் திருப்பூர் போய் நாலு வருஷம்.
எல்லையிலேயே இரண்டு பிழை,
தொகையில் எத்தனை இருக்குமோ என்று
அன்றிரவே கூட்ட உட்கார்ந்தேன்.

கஜா தூக்கிப்போன கூரைக்கு வாங்கியது நாலு லட்சம்.
ஐம்பத்தோரு மாதம் பிசகாமல் கட்டினேன்.
இப்போது கேட்பது நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

நடுவில் ஒரு தை மாசம்,
கொரடாச்சேரிக் கொள்முதல் நிலையத்து வாசலில்
தார்ப்பாய் போர்த்திய நெல்லோடு பதினோரு நாள்.
மழை விடவில்லை.
கூர்முனையை மூட்டைக்குள் செருகிப் பார்த்தார்கள்:
இருபத்திரண்டு.
"பதினேழுக்கு மேல எடுக்க முடியாதும்மா, காயவச்சுக் கொண்டா."
எங்கே காயவைக்க?
மூன்று தவணை அங்கே நனைந்தது.

அபராத வட்டி என்று அச்சடித்த பத்தியில்
அதே கூர்முனையைச் செருகினால்
எத்தனை காட்டும்?

வசூலுக்கு வந்த எட்வின் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.
நகையை விற்று மூன்று தவணையும் அவன் கையில்தான் கொடுத்தேன்.
இடுப்பு மெஷினில் சீட்டு கிழித்துத் தந்தான்.
கம்பெனிக் கணக்கில் அந்தப் பணம் இல்லை.
கம்பெனியில் எட்வினும் இல்லை.

அப்புறம் பேசியவர்கள் பெயர் சொல்லவில்லை.
நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்தன்று
சம்பந்தி வீட்டு நம்பருக்கே ஒருவன்.
"செத்தா இன்சூரன்ஸ்ல கழிச்சுக்கறோம்" என்று ஒருவன்,
பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.
தினசரி காலண்டர் தாளில் குறித்து வைத்தேன்.
ராகு காலம் 7.30 – 9.00.
அதன் கீழே பென்சிலில்:
விடிகாலை 5.40, ஆண் குரல், அம்மாவைச் சொல்லித் திட்டினான்.

எழுபத்து மூன்று தாள், ரப்பர் பேண்ட் போட்டு
மதுரைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனேன்.
மெஷின் சீட்டை எடுத்தால்
மூன்றும் வெள்ளை.
தகரப் பெட்டிச் சூடு அச்செழுத்தைத் தின்றிருந்தது.
தொகை இல்லை, தேதி இல்லை,
அடியில் எட்வின் பேனாவால் போட்ட கையெழுத்து மட்டும்
நீலமாக நின்றது.
கம்பெனி வக்கீல் கடிகாரம் பார்த்தார்.

ஐயா,
கடன் கொடுத்த அன்று எழுதாத தாள்களில்
என்னிடம் ஒன்பது கையெழுத்து வாங்கினார்கள்.
அது செல்லும் என்கிறார்கள்.
இது அவர்கள் ஆள் கையெழுத்துப் போட்ட எழுதாத தாள்,
மூன்று.
இது செல்லுமா?

என் வக்கீல் பர்வீன் பானு முழங்கையைத் தொட்டாள்,
போதும் என்றா, இன்னும் என்றா, தெரியவில்லை.
மேலே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
மெஷினில் ஏறிய பதிவைக் கம்பெனி கொண்டுவரட்டும்,
அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி,
அதுவரை பூட்டு வேண்டாம்,
அதற்குள் அறுபதாயிரம் கட்டு.

தஞ்சாவூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
அறுபதாயிரத்துக்கு வழி தெரியவில்லை.
கதவில் ஒட்டியதைக் கிழிக்கவில்லை,
கிழித்தால் அதுவும் ஒரு குற்றமாம்.

காலையில் போன் அடித்தது.
மேடம், செட்டில்மென்ட் பேசலாமா மேடம்?
இருங்கள் என்று சொல்லிப் பென்சிலைத் தேடினேன்.
9.10.
பெயர் சொன்னான்.