மாற்றம் ஏதும் உண்டா

ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒரு வரி கேட்டு எழுதியிருக்கிறீர்கள்:
விண்ணப்பித்த நாளிலிருந்து
உங்கள் சூழ்நிலையில் மாற்றம் ஏதும் உண்டா?
இருபத்தெட்டு நாளில் பதில் வேண்டுமாம்.
நான் சிரித்துவிட்டேன்.
நல்லசிவம் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
மறுபடி படிக்கிறார்.

தொழில்: அதேதான்.
மர்ரே பிரிட்ஜில் பெரிய சாலைக்குப் பின்தெரு,
காசு போட்டால் துவைக்கும் கடை.
இயந்திரம் ஒன்பது, ஓடுவது எட்டு.
கரூரில் படுக்கை விரிப்பு நெய்து கப்பலேற்றியவர்கள்
இப்போது ஊரான் விரிப்பை வெளுக்கிறார்கள் என்று
கொழுந்தன் சொன்னதாகக் கேள்வி.
சொல்லட்டும். நாங்கள் விற்ற தறியில் பாதியை
அடிமாட்டு விலைக்கு வாங்கியது அவன்தான்.

பணம் வந்த வழி: அன்று காட்டியதுதான்.
மாமனாரின் நீள நோட்டைப் பக்கத்துக்கு இத்தனை டாலர் என்று
மொழிபெயர்த்துக் கொடுத்தோம்.
‘செட்டியார் கைமாற்று முந்நூறு’ என்ற வரிக்கு
எந்தச் செட்டியார் என்று கேட்டிருந்தீர்கள்.
எங்களுக்கும் தெரியவில்லை.
இன்றும் தெரியவில்லை.

உடல்நலம்:
என் நெஞ்சுக்கூட்டை மூன்று முறை படம் பிடித்தாயிற்று.
படத்துக்குப் பன்னிரண்டு மாதம் ஆயுள்,
நெஞ்சுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.
காவல்துறைச் சான்றும் காலாவதியாகிறது.
குற்றம் செய்யாததை அவ்வப்போது
புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முகவர் டெரன்ஸ் அடிலெய்டிலிருந்து கூப்பிடுவார்.
பேச்சு முழுக்க ஒரே சொல்: பரிசீலனையில்.
மகள் அதைப் பெயராகவே வைத்துவிட்டாள்.
“பரிசீலனை எங்கே? சாப்பிட வரச் சொல்லு.”
அவள் அப்பாவைத்தான் சொல்கிறாள்.

மகள் சம்யுக்தா: மாற்றம் உண்டு.
வந்தபோது பல்லில் கம்பி.
இப்போது செவிலியர் படிப்பு, இரண்டாம் வருடம்.
கோபம் உள்ளூர்க்காரிக்கு வருவதுபோல் வருகிறது,
கட்டணம் மட்டும் வெளிநாட்டார் கணக்கில்.

இன்னொன்று. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை,
இருந்தாலும் எழுதுகிறேன்.
எங்கள் இயந்திரங்களில் சிவப்பு எண் எரியும்.
இன்னும் முப்பத்தொரு நிமிடம். இன்னும் முப்பது.
சில இரவுகளில் கடை அடைக்குமுன்
காலி இயந்திரத்தில் காசு போட்டு
எதிரே உட்கார்ந்துகொள்வேன்.
உள்ளே ஒரு கைக்குட்டைகூட இருக்காது.
இந்த ஊரில் எனக்குக் குறைந்துகொண்டே வரும் எண்
அது ஒன்றுதான்.
நீங்கள் நாற்பத்தொரு மாதம் என்று போட்டிருந்தீர்கள்,
போன மார்கழியில் அது ஐம்பத்தெட்டு ஆயிற்று.

(நல்லசிவத்துக்குத் தெரியாது.
தண்ணீர் ரசீதைப் பார்த்து எங்கேயோ ஒழுகுகிறது என்கிறார்.)

ஐந்தாம் எண் இயந்திரம் மட்டும் ஒன்றில் வந்து நின்றுவிடும்.
ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு
ஏழெட்டு நிமிடம் சுற்றும்.
லாரிக்கார டக்ளஸ் கதவில் கை வைத்தபடி நிற்பார்,
தட்டமாட்டார், திட்டமாட்டார்.
பக்கத்தில் நான்கு இயந்திரம் காலியாக இருந்தாலும்
அதில்தான் போடுவார்.
ஏன் என்று கேட்டதற்கு, பழகிவிட்டது என்றார்.

வீடு: வாடகை.
வந்த நாளில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்,
இரண்டு பேர் தூக்க முடியாத எதையும் வாங்குவதில்லை.
மடக்கு நாற்காலி, மடக்கு மேசை,
காற்றடைத்த மெத்தை. அதில் படுத்தால்
யார் புரண்டாலும் மற்றவருக்கு அலை.
போன மாதம் ஆற்றங்கரைப் பக்கம்
யாரோ வீட்டைக் காலி செய்து விற்றார்கள்.
மர அலமாரி. ஆள் நிற்கலாம் உள்ளே.
நான் பேரம்கூடப் பேசவில்லை.
டக்ளஸும் அவர் ஆட்கள் இருவரும் நல்லசிவமும்
வாசற்படியில் மூச்சு வாங்கி
நிலைக்கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.
கழற்றிய கதவை எங்களுக்கு மாட்டத் தெரியவில்லை,
இரண்டு நாள் திறந்தே கிடந்தது வீடு.

இதை மாற்றம் என்று எழுதலாமா
என்று டெரன்ஸிடம் கேட்டிருக்கிறேன்.

அலமாரிக்கு ஒரு கால் குட்டை.
விண்ணப்பம் கிடைத்தது என்று நீங்கள் எழுதிய
முதல் கடிதத்தை
நாலாய் மடித்து அடியில் கொடுத்தேன்.
நகல்தான், பயப்பட வேண்டாம்.
இப்போது ஆடவில்லை.