பாதியான குழாய்

புந்தா அரேனாஸில் டிசம்பர்தான் கோடை.
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
வெயிலுக்குக் களிம்பு வாங்கப் போகிறாள் நெவென்கா.

கடலோரச் சாலையில்
வெயிலை அளக்கும் விளக்கு சிவப்பில் நிற்கிறது.
காற்றோ ஆளையே தள்ளுகிறது.
குளிர்கிறதே என்று முகத்தைக் காட்டி நிற்பவரை
சத்தமில்லாமல் சுடும் வெயில் இது.
இரவு தலையணையில் கன்னம் பட்டால்தான்
எரிச்சல் தெரியும்.

மருந்துக்கடையில் ஒரு சுவர் முழுக்கக் குழாய்கள்.
ஒன்று தேங்காய் மணக்கிறது, அவர் தொடமாட்டார்.
ஒன்று நூறு என்று கத்துகிறது.
"நூறென்றால் ஐம்பதைப் போல இரண்டு பங்கா?"
"இல்லை, ஒரு துளிதான் கூட" என்கிறாள் கடைப்பெண் யாஸ்னா.
"எதைப் பூசினாலும்
இரண்டு மணிக்கொரு தரம் பூசணும்."
தள்ளுபடிக் கூடையில் கிடந்ததைப் புரட்டினால்
போன மார்ச்சோடு காலாவதி.
தெளிப்பான் வேண்டவே வேண்டாம்,
இந்தக் காற்றில்
அடுத்த பண்ணைக்காரன் மூஞ்சியில்தான் போய் விழும்.

கடைசியில்
துத்தநாகம் கலந்த கெட்டிக் களிம்பு.
இருவகைக் கதிருக்கும் தடுப்பு, வாசனை இல்லை, ஐம்பது.
மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து
பேருந்து வரும்வரை பார்த்திருந்தாள்.
சிவக்கவில்லை.
தன் தோல் அவர் தோலுக்குச் சாட்சி ஆகுமா என்று
யோசிக்கவில்லை.

எலிசேயோவின் இடது காது நுனி
போன குளிர்காலம் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.
உளுந்தளவுப் புண்தான்.
"காதுதானே, கண்ணா போச்சு" என்று சிரித்தார்.
"ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவன்
வெள்ளையடித்துக்கொண்டு போனால்
ஆடே சிரிக்கும்."

பத்தே நாளில் குழாய் பாதி.
ஜெயித்த சந்தோஷத்தில் ரொட்டி சுட்டுத்
துணியில் கட்டிக்கொண்டு
கொட்டகைக்குப் போனாள்.

வேலியோரம் அவருடைய கிழட்டுக் குதிரை.
வெளிறிய ரோஜா மூக்கு முழுக்க
சுண்ணாம்புச் சுவர் மாதிரி அப்பியிருந்தது.
"போன வருஷம் மூக்கு வெடிச்சு ரத்தமே வந்தது.
பாவம், சொல்லத் தெரியாத ஜீவன்" என்றார்
குற்றம் செய்த முகமே இல்லாமல்.

"சொல்லத் தெரிந்தவர்தானே நீங்கள்,
புண் வந்தபோது சொன்னீர்களா?"

அவர் பதில் பேசவில்லை.
கத்திரியின் மோட்டாரை நிறுத்தினார்.
கையிலிருந்த ரொட்டி மூட்டையை
அவர் மடியில் போட்டுவிட்டு
இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினாள்.
நெற்றி, மூக்கு, பின்கழுத்து.
மிச்சமிருந்த அரைக்காதில் மட்டும்
கொஞ்சம் மெதுவாக.

முப்பது ஆடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.
ஒன்றும் சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கு மறுபடி வருவேன்"
என்று சொல்லிவிட்டு
குழாயைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
பிறகு யோசித்து,
குதிரைக்கென்று
ஒரு மூடி நிறையப் பிதுக்கி
வேலிக் கம்பத்தின் மேல் வைத்தாள்.