எட்டைத் தாண்டியதும்

லியெக்ஸாவில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
நடையில் பத்தொன்பது ஜோடி பூட்ஸ் உருகி வடிய,
உள்ளே கம்பளிக் காலுறையோடு
என் இரண்டாம் வகுப்பு.

சாய்மியின் தாளில்தான்
என் சிவப்புப் பேனா தீர்ந்துகொண்டிருந்தது.
நான்கும் மூன்றும் ஏழு. சரி.
ஐந்தும் மூன்றும் பத்து.
ஏழும் ஐந்தும் பதினான்கு.
ஒன்பதும் ஏழும் இருபது.
எட்டை எட்டும்வரை ஒழுங்காக வருகிறாள்,
அதன்பின் காட்டுக்குள் போய்விடுகிறாள்.
மூன்று வாரமாக இப்படி.
"கவனம் தேவை" என்று ஓரத்தில் எழுதி
ஒரு சோக முகமும் போட்டேன்.
அந்த முகத்துக்குத் தொப்பி வரைந்து
திருப்பித் தந்தாள்.

இந்த இடத்தில் எய்னோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
இரண்டு வருடம் முன்பு
இதே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன்.
பத்து நிமிடக் கணக்கை இரண்டு நிமிடத்தில் முடிப்பான்.
சபாஷ் என்று இன்னொரு தாள் கொடுப்பேன்.
முடித்தால் இன்னொன்று.
அதுவும் முடிந்தால், பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடு.
வேகமாக நடந்தவன் தலையில் மூட்டையை ஏற்றிவிட்டு
அதற்குப் பரிசு என்று பெயர் வைத்தேன்.
ஏப்ரலுக்குள் மெதுவாகப் போடப் பழகிவிட்டான்.
நான் கற்றுக்கொடுத்ததில்
அவன் முழுசாகக் கற்றது அது ஒன்றைத்தான்.

பெற்றோரைப் பார்க்கும் நாளில்
சாய்மியின் அப்பா கடைசியாக வந்தார்.
மர ஆலைச் சட்டை, புருவத்தில் தூள்.
கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார்.
என் உள்ளங்கையில் ஏதோ குறைந்தது.
"ரம்பம்," என்றார்,
சண்டை போட்டுப் பிரிந்த மச்சானின்
பெயரைச் சொல்வதுபோல.

"ரொம்பத் தப்பாப் போடுறாளா?"

ஆமாம் என்று வாயைத் திறந்தேன்.
அவர் கைகள் மேசைமேல் விரிந்து கிடந்தன,
நடுவில் அவள் தாள்.
இடது கையில் ஐந்து.
வலது கையில் மூன்று.
ஐந்தும் மூன்றும்:
கை முடிந்துவிட்டது,
ஒரு சுற்று முடிந்துவிட்டது,
ஒன்று போட்டுப் பக்கத்தில் பூஜ்யம்.

அவளுக்கு எண் என்றாலே எட்டு.

அன்றிரவு எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்தினேன்.
பதினான்கு என்றால் ஒரு அப்பாவும் நான்கும்.
இருபது என்றால் இரண்டு அப்பா.
மூன்று வாரத்தில் ஒரு தப்புகூட இல்லை,
நான் போட்ட சிவப்பைத் தவிர.
காபி ஆறிப்போனது. இன்னொன்று போட்டேன்.
அதுவும் ஆறியது.

காலையில் கேட்டேன்:
பத்து விரலில் எண்ணத் தெரியாதா உனக்கு?
"தெரியுமே."
அப்புறம் ஏன்?
"அதுல எல்லாரும் எண்ணுறாங்க. சலிப்பா இருந்துது."
பாசம் என்று நான் இரவெல்லாம் உருகியதை
மூக்கைத் துடைத்தபடி தள்ளிவிட்டாள்.

கூடுதல் தாள்கள் மேசையறையில் இருந்தன,
எய்னோ காலத்துக் கட்டு.
கை அங்கேதான் போனது, பழக்கம்.
அறையை மூடினேன். விரல் நசுங்கியது.
உதறிக்கொண்டே,
யோசிக்காமல், பதில் தெரியாமல் கேட்டுவிட்டேன்:
"ஒரே ஒரு விரல் இருக்கிறவர்
எப்படி எண்ணுவார், சாய்மி?"

உடனே வாயைத் திறந்தாள்.
மூடினாள்.
"தெரியல."

ஆகஸ்டிலிருந்து இந்த வகுப்பில் இருக்கிறாள்,
அந்தச் சொல்லை அவளிடம் இன்றுதான் கேட்கிறேன்.
அவளுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும்,
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்,
ஆடும் பல்லை நாக்கால் தள்ளுவதுபோல.

மணி அடித்தது. பதினெட்டு ஜோடி பூட்ஸ்
பனிக்குள் ஓடின.
அவள் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.
ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே
ஆள்காட்டி விரலை நிமிர்த்தினாள்.
மடக்கினாள்.
சற்றுப் பொறுத்து
மறுபடி நிமிர்த்தினாள்.