ரீடிங் நோட்டு

மண்டபம் ஐஸ் கம்பெனியில்
பத்தொன்பது வருசமாய்
மணிக்கொரு தரம் கேஜ் பார்த்து எழுதுகிறவன்.
உறிஞ்சும் பக்கம் இவ்வளவு,
தள்ளும் பக்கம் இவ்வளவு,
உப்புத்தொட்டி மைனஸ் பத்து.
முள் சிவப்பைத் தொட்டால் கம்ப்ரசரை நிறுத்தணும்,
லாஞ்சுக்காரன் அம்மாளை இழுத்துத் திட்டினாலும்.

ஜெட்டியில் போட்ட முகாமில்
நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து என்றாள் நர்ஸ்.
எனக்குத் தலை வலிக்கலையே என்றேன்.
சட்டையில் அமோனியா வாடை பிடித்துவிட்டு
உங்க மிசினுக்குத் தலை வலிக்குமாண்ணே
என்று கேட்டாள்.

சிரித்துவிட்டு வந்தேன்.
ஒரு மாசம் விழுங்கினேன்.
தடைக்காலம் வந்தது, கம்பெனி பூட்டு.
போட்டே ஓடாத மாசத்தில்
மாத்திரை மட்டும் எதுக்கு ஓடணும்?

தடை முடிந்த முதல் ராத்திரி
நூற்றிருபது பார் ஐஸ் ஏற்றினோம்.
விடியும்போது சுத்தியல் இருந்த கை
என்னுடையதாக இல்லை.
கால்மணி நேரம்தான்.
ராம்நாடு பெரியாஸ்பத்திரியில்
கையைத் திருப்பித் தந்தார்கள்.
எல்லாருக்கும் தரமாட்டார்கள் என்று
பக்கத்துக் கட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம்தான் இந்த நோட்டு.
கம்பெனியின் பழைய பதிவேடு, பாதி காலி.
'தள்ளு' என்பதை அடித்து 'மேல்',
'உறிஞ்சு' என்பதை அடித்து 'கீழ்'.

எழுதுவதற்கு முன் இருக்கிறது வேலை.
ஒன்றுக்குப் போய்விட்டு வரணும்.
டீ அப்புறம். பீடி எப்போதுமில்லை.
முதுகு சாய்ந்து, பாதம் தரையில்,
கை நெஞ்சு மட்டத்துக்கு.
மேசை கிடையாது, மகளின் தையல் மிசின்தான் மட்டம்.
ஐந்து நிமிசம் சும்மா இரு.
அதுதான் முடியாது.
சரியாக அந்த ஐந்து நிமிசத்தில்தான்
வியாகுலம் சீட்டுப் பணத்தைக் கேட்பாள்.
வாயில் விரல் வைப்பேன்.
ஊமைப் பூசை ஆரம்பிச்சாச்சு என்பாள்.
பட்டை கல்நண்டு மாதிரிக் கவ்வி
மெல்ல விடும்.
முதல் ரீடிங் எப்போதும் கொஞ்சம் பதறும்.
ஒரு நிமிசம் விட்டு இன்னொன்று.
இரண்டையும் எழுது. பொய் எழுதாதே.

நடுவில் கணுக்கால் வீங்கியது.
மாத்திரையை நிறுத்தத்தான் மனசு போனது.
நிறுத்தாமல் போய்ச் சொன்னேன்.
வேறு கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது.

நாலு டன் உப்பு கரைத்த தொட்டியின் மேல்
ராத்திரியெல்லாம் நடக்கிறவனுக்குக்
குழம்பில் அரைக்கரண்டி.
மிச்சத்தைப் புளி பார்த்துக்கொள்ளும் என்றாள்.
பார்த்துக்கொள்ளவில்லை.
பழகிவிட்டது.

சாயங்காலம் வடகடலிலிருந்து
தென்கடலுக்கு நடக்கிறேன்.
வாடையில் வடக்கு குமுறும்,
தெற்கு எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும்.
கச்சானில் அப்படியே மாறும்.
ஒரே ஊர், இரண்டு கணக்கு.
இரண்டையும் பார்த்தால்தான் வலை இறக்கலாம்.

போன தவக்காலத்தில் ஒருநாள்
நீயும் வந்து உட்காரேன் என்றேன், விளையாட்டுக்கு.
நூற்று எழுபத்திரண்டு.
மிசின் கெட்டுப் போச்சு என்றாள் வியாகுலம்.
ஐந்து நிமிசம் உட்காரவைத்து அளந்தேன்.
நூற்று அறுபத்தெட்டு.
மறுநாளும் அதற்கடுத்த நாளும் அங்கேயேதான் நின்றது.
எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்
என்றாள்.
என் வாக்கியம்.
என் குரலைவிட உறுதியாக.

என் உப்பை அளந்து போட்டவள்,
என் மாத்திரையை எண்ணி வைத்தவள்
எத்தனை வருசமாய் சிவப்பில் ஓடினாளோ,
யாரும் கேஜ் மாட்டவில்லை.

நர்ஸிடம் கூட்டிப் போனேன்.
ஸ்கேல் வைத்து நோட்டில்
இன்னொரு கோடு இழுத்தேன்.
அவள் எண்ணை அவளே எழுதுகிறாள்,
எட்டை இரண்டு வட்டமாக அடுக்கி.
தென்கடலுக்கு நடக்கும்போது
எனக்கு இரண்டு எட்டு முன்னால் போகிறாள்,
சீட்டுப் பணம் இன்னும் முடியவில்லை.

இன்று எனக்கு நூற்று முப்பத்து நாலு.
அவளுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது காற்று.
பேசாதே என்கிறேன்.
எங்கே பேசினேன் என்கிறாள்,
பட்டை இறுகும்போதே.