ஏழாவது கட்டம்

படிவத்தின் ஏழாவது கட்டம்:
"சாலைச் செலவால் வளர்ந்த சிறுதொழில்கள், எண்ணிக்கையில்."
அதை நிரப்பத்தான் பிராந்திய அரசு என்னை
அய்சேன் மலைகளுக்குள் அனுப்பியது,
ஒரு பேனா, ஒரு மழைக்கோட்டு,
இரண்டு நாள் படியோடு.

நோல்வியா பாரியாவின் ரொட்டிக்கடையில்
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
நாற்பது கிலோமீட்டருக்குத் தார் போட வந்தவர்கள்
விடிகாலையில் நூற்றெண்பது ரொட்டி கேட்டார்களாம்.
அதற்கு முன் அவள் விற்றது முப்பது.
"எழுதிக்கொள்," என்றாள், "வளர்ச்சி."
எழுதிக்கொண்டேன்.

"இதையும் எழுது.
பணம் வந்தது ஐந்து மாதம் கழித்து.
ஒப்பந்தக்காரருக்கு அரசு தரவில்லை,
எனக்கு அவர் தரவில்லை,
மாவுக்காரனுக்கு நான் தரவில்லை.
வட்டி போட்டவன் மாவுக்காரன் மட்டும்தான்."
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் கிறுக்கினேன்.

கடன் வாங்கி இரண்டாவது அடுப்பு வைத்தாள்.
நாத்தனார் மகன் எலியாசரை வேலைக்குச் சேர்த்தாள்.
சாலை முடிந்தது. ரிப்பன் வெட்டினார்கள்.
வெட்டியவர்கள் தின்ற கேக்
பெரிய ஊரிலிருந்து வந்திருந்தது,
அந்தப் புதுச் சாலையில், கொஞ்சமும் குலுங்காமல்.

அடுத்த வாரம் அதே வழியில்
பிளாஸ்டிக் உறை போட்ட ரொட்டியோடு லாரி வந்தது.
பத்து நாள் கெடாதாம்.
கெடாததை எப்படித் தின்பது என்று ஊர் கேட்டது.
கேட்டுக்கொண்டே வாங்கியது.

"அப்போ, கடையை மூடிவிடுவீர்களா?"

மாவு படிந்த மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
லாரி காலியாகத்தானே திரும்புகிறது?
டிரைவருக்கு இரண்டு சூடான ரொட்டி.
பின்னால் அறுபது பொட்டலம்,
துறைமுகத்து மீன் தொழிற்சாலைக்கு.
சில நாள் அறுபதும் விற்கும்.
சில நாள் பதினெட்டு.
எலியாசருக்கு இப்போது அரைநாள் வேலை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போட்டவர்கள் அளந்துதான் போட்டிருக்கிறார்கள்,
மீட்டர் மீட்டராக.
ஆறு அதை எங்கே கொண்டுபோனது என்று பார்க்க
நான் ஒருவன்,
அதுவும் நாளை மாலை பேருந்து வரைக்கும்.

ஏழாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
அடித்தேன். அரை என்று எழுதினேன்.
படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
முழு எண்கள் மட்டும்.

கிளம்பும்போது நான்கு ரொட்டி கேட்டேன்.
"அலுவலகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?"

அடுப்பிலிருந்து திரும்பாமலே
கையை நீட்டினாள்.
"ரொக்கம்."