அரைமணி நேரக் கவர்னர்

நுழைவுச் சீட்டு ஆளுக்கு நூறு.
ஐந்து வயதுக்குள் இலவசம் என்றதும்
ஆறு முடிந்த அகரன்
மறுபடி நாலரை ஆனான்.

புதுச்சேரி பழைய துறைமுகத்து மைதானத்தில்
இது வருஷம் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது என்று
மைக்கில் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள்.
பிவிசி குழாயில் கறுப்படித்த பீரங்கிகள்.
தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய சீமாட்டி ஒருத்தி
வளையப் பாவாடையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து
மிளகாய் பஜ்ஜி தின்றாள்.
"இதைப் போட்டுக்கிட்டு பாத்ரூம் எப்படிப் போவாங்க?"
நறுமுகை கேட்டாள்.
சரித்திரத்தில் எனக்கும் அந்த ஒரு சந்தேகம்தான்.

உடை வாடகைக் கடையில்
கவர்னர் கோட்டு அரைமணிக்கு நூற்றைம்பது.
வீடு வீடாய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர்,
நாய் குரைத்தால் வாசலிலேயே நிற்பவர்,
நீல வெல்வெட்டுக்குள் கையை விட்டதும்
என்னையே ஒரு தினுசாய்ப் பார்த்தார்.
எனக்கு மிஞ்சியது பூக்காரி வேஷம்.
வேண்டாம் என்றேன்.
அகரன் பீரங்கியாகத்தான் இருப்பேன் என்று அடம்.

கோட்டை வாசலில் அசையாத சிப்பாய்கள் நால்வர்.
சிரிக்க வைத்தால் சாக்லேட்.
நறுமுகை நாக்கை நீட்டினாள், கண்ணைச் சுழற்றினாள்,
மூன்றாவது சிப்பாயின் காலருகே குனிந்தாள்.
நீல வார் ரப்பர் செருப்பு.
இரண்டாய்ப் பிளந்த கட்டைவிரல் நகம்.
"அம்மா, பெரியப்பா கால்."

மில் மூடிய பிறகு
காலை ஐந்தரைக்கு அவர் வீட்டு கேட் சத்தம் கேட்கும்,
கையில் ஒரு பை.
எங்கோ செக்யூரிட்டி என்று கேள்வி.
கேள்விதான், பேச்சு இல்லை.
வண்டிப்பாளையத்தில் இரண்டு சுவருக்கு நடுவே
மூன்றடிச் சந்து, அதற்குக்
கடலூர் கோர்ட்டில் ஏழு வருஷ வாய்தா.
அப்பா காரியத்துக்கே
ஆளுக்கொரு பந்தல் போட்டவர்கள்.

மரத்துப்பாக்கி தோளுக்கு ஏறியது.
குதிகால்கள் இடித்துக்கொண்டதில் ரப்பர் சத்தம்.
கடலைப் பார்த்தபடியே
சலாம் வைத்தார் என் மூத்தார் கலியமூர்த்தி.
கோட்டுக்குத்தான் வைத்தார்,
சம்பளத்துக்குத்தான் வைத்தார்.

கவர்னர் தொண்டையைக் கனைத்தார்.
"சிப்பாய்."
"உத்தரவு, பிரபுவே."
"சாப்பிட்டாச்சா?"
"மூணு மணிக்குத்தான் ஆள் மாத்துவாங்க, பிரபுவே."
"முட்டி வலி?"
"இருக்கு."
கொஞ்சம் பொறுத்து, "பிரபுவே."
"உட்காரு. கவர்னர் ஆணை."

சிப்பாய் உட்காரக் கூடாதென்று
ஓடிவந்தான் சூப்பர்வைசர்.
அவன் மட்டும் டீஷர்ட்டில், இந்த வருஷத்தில் இருந்தான்.
அவர் அவனைப் பார்த்த பார்வையை
மீட்டரில் காந்தம் வைத்தவர்கள்கூடப் பார்த்ததில்லை.
நாடகம் என்று கூட்டம் கைதட்டியது.
பீரங்கி மேடையில் மூத்தார் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.
பையிலிருந்த புளிசோற்று டப்பாவை நீட்டினேன்.
உருளை வறுவலை மட்டும் முதலில் பொறுக்கித் தின்றார்.
எங்கள் வீட்டிலும் ஒருவர்
அப்படித்தான் தின்பார்.

கோட்டைத் திருப்பியபோது
பதினைந்து நிமிஷம் தாமதம், ஐம்பது ரூபாய் கூட.
வெளியே போக அதே வாசல்தான்.
கோட்டு இல்லாமல் அவருக்குக் கால் எழவில்லை.
மைதானத்தைச் சுற்றி, ஜெனரேட்டர் லாரிக்குப் பின்னால்
வேலி இடுக்கில் குனிந்து வெளியேறினோம்.

பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும்போது
அவர் வெள்ளைச் சட்டைக் கழுத்தில் நீலச் சாயம்.
அகரன் தூக்கத்தில் ஒருமுறை வெடித்தான்.
"வாய்தா என்னிக்கு?"
"பத்தொன்பதாம் தேதி."
ஜன்னலை ஏற்றினார், இறக்கினார்.
"டப்பா எங்க?"
"விட்டுட்டு வந்துட்டேன்."

எவர்சில்வர். மூடியில் என் பேர் வெட்டியிருக்கும்.
சந்து மூன்றடிதான்.