மூன்று முறை அழுத்தவும்

எர்சுரூமில் ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே
பனியை வெட்டி ஓரம் தள்ளுகிறவனின் மண்வெட்டிச் சத்தம்.
உள்ளே என் மேஜைமேல்
ஒரு துண்டு இரும்பு:
ஒரு பிடி, ஒரு முள், தொண்ணூறு வரை எண்கள்.
இங்கு வரும் பெண்களில் ஒருத்திகூட
முப்பதைத் தாண்டியதில்லை.

நாற்பத்தேழாம் எண்,
குல்பெயாஸ் தோர்துன்ஜு.
வயது அறுபத்து மூன்று.
மாதவிடாய் நின்றது நாற்பத்தைந்தில்.
இடது மணிக்கட்டு முறிந்தது போன குளிர்காலத்தில்,
ரொட்டிக்கடை வாசலில்.
"வழுக்கியதும் கையை ஊன்றினேன்.
இத்தனை வருஷம் என்னைத் தாங்கிய கை
பழைய ரஸ்க் மாதிரி நொறுங்கியது."

முழங்கையை மடக்குங்கள்.
மூச்சை அடக்க வேண்டாம்.
முழுப் பலத்தோடு, மூன்று முறை.

பதினொன்று.
அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல்
முள்ளைப் பார்த்தாள்.

ஊறுகாய் ஜாடியை மாடிவீட்டுப் பையன்தான்
திறந்து தருகிறானாம்.
துணியைப் பிழிவதில்லை, சொட்டச் சொட்டக் காயப்போடுகிறாள்.
சர்க்கரைக் கட்டியை இடுக்கியால் உடைத்து
நாக்கடியில் வைத்துத் தேநீர் குடிக்கும் ஊர் இது.
"இப்போதெல்லாம் உடைத்து விற்பதையே வாங்குகிறேன்.
யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்."

பன்னிரண்டு.

இடையில் ஒரு நிமிட ஓய்வு. விதி அது.
வளையலைக் கழற்றி மடியில் வைத்தவள் கேட்டாள்:
"யாரையாவது நினைத்துக்கொண்டு அழுத்தலாமா?"
படிவத்தை இருபுறமும் புரட்டினேன்.
கூடாதென்று எங்கும் இல்லை.

கண்ணை மூடினாள்.
முன்கையின் மெல்லிய தோலடியில்
தசைநார்கள் ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன,
பெயர் கூப்பிட்டதும் எழுகிற மாணவிகள்போல.
மண்வெட்டிக்காரன்கூட ஒரு கணம் நிறுத்தியிருந்தான்.

பத்தொன்பது.

தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.
"அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது," என்றாள்.
பிறகு இரும்பை என்னிடம் நீட்டியபடி,
"கழுத்து இதைவிடப் பருமன்."

வயது, எடை, உயரம்,
குடிக்கும் பால், படும் வெயில்
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
யாரை நினைத்தாள் என்பதற்கு இல்லை.
மூன்றில் பெரியதை எழுது என்கிறது விதி.
எழுதினேன்.

ஆறு மணிக்கு நர்ஸ் கிளம்பிப் போனாள்.
எனக்கு ஐம்பத்து நான்கு. நின்று மூன்று வருஷம்.
நாற்பத்தேழு பெண்களை அளந்த மேஜையில்
என் கையை நான் வைத்ததே இல்லை.

யாரையும் நினைக்காமல் பதினேழு.
மறுபடி, யாரையும் நினைக்காமல், பதினாறு.

மூன்றாவது முறைக்கு
நினைக்க ஆளில்லாமல் இல்லை.
வரிசையில் நின்றார்கள்.
வேண்டாமென்று பெட்டியில் வைத்து மூடினேன்.
கொக்கி இரண்டு தடவை கைநழுவியது.

வாசலில் பன்னிரண்டு படிகள், கண்ணாடிபோல் பனி.
கம்பியை இரு கையாலும் பற்றிக்கொண்டு
பக்கவாட்டில் இறங்கினேன்.
பார்க்க ஆளில்லை, நல்லவேளை.

முனைக் கடையில்
"உடைத்ததா, கட்டியா?" என்றான் பையன்.
கட்டி என்றேன்.
வீட்டில் இடுக்கி எங்கே கிடக்கிறதோ.